ஒப்புக்குச் சப்பாணி: முன்பருவக் குழந்தைகளின் இயக்கத்திறனும் நாஞ்சில் நாட்டு முற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

ஓடுதல், தாவுதல், எறிதல், பிடித்தல் முதலான அடிப்படை இயக்கத்திறன்கள் வயது ஏறுவதனாலேயே குழந்தைக்கு வந்துவிடுவதில்லை. அவை பழகிப் பெறப்படுபவை. தமிழ் மரபில் கைக்குழந்தையின் இயக்கத்தைப் பிள்ளைத்தமிழ் படிநிலைப்படுத்திப் பாடியது. அதற்கு அடுத்த வயதினரைத் தெருவிளையாட்டு ஏற்றுக்கொண்டது. அவ்விளையாட்டில் சிறுவயதினர்க்கு அளிக்கப்பட்ட ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்னும் இடமே அவர்களின் பயிற்சிக்களமாக விளங்கியது. கன்னியாகுமரி மாவட்டத்தின் இன்றைய வாழிடச் சூழலில் அவ்விடம் சுருங்கிவருவதையும், அங்கன்வாடியில் அதனை மீண்டும் உருவாக்கும் வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முன்பருவக் கல்வி, இயக்கத்திறன், பிள்ளைத்தமிழ், நாஞ்சில் நாடு, அங்கன்வாடி, நாட்டார் விளையாட்டு.

முன்னுரை

விஜயதசமி நாளில் குமரி மாவட்டத்துக் கோயில்களிலும் வீடுகளிலும் குழந்தைகளுக்கு ஏடு தொடங்கும் வழக்கம் உண்டு. மூன்று வயதை ஒட்டிய குழந்தையை மடியில் இருத்தி, பரப்பிய அரிசியில் அதன் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிப்பர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டுடன் எழுத்தறிவில் மாநிலத்தின் முதலிடத்தில் நின்ற மாவட்டத்திற்கு இச்சடங்கு பொருத்தமானதே. ஆயின், அதே வயதில் அக்குழந்தை ஒற்றைக்காலில் நிற்கப் பழகுகிறது. இருகால் சேர்த்துத் தாண்டப் பார்க்கிறது. எறிந்த பந்தை மார்போடு அணைத்துப் பிடிக்க முயல்கிறது. இவற்றுள் எதற்கும் நாள் குறிப்பதில்லை. தாமாக வந்துவிடும் என்று விட்டுவிடுவதே பெருவழக்கு.

இந்த நம்பிக்கை பாதியளவே உண்மையாகும். நடத்தல் வரையிலான வளர்ச்சி பெரும்பாலும் குழந்தையின் உடல் முதிர்ச்சியோடு ஒட்டி நிகழ்கிறது. அதற்குப் பிந்திய தாவல், நொண்டியடித்தல், எறிதல், பிடித்தல், உதைத்தல் ஆகியவை வாய்ப்பும் பழக்கமும் தூண்டுதலும் இருந்தாலன்றி முழுமை பெறுவதில்லை என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜேன் கிளார்க் முதலியோர் வலியுறுத்தியுள்ளனர். சிறுவயதில் இவற்றைப் பெறாத பிள்ளை, பின்னர்ப் பள்ளி விளையாட்டில் தயங்கி ஒதுங்குகிறது. ஒதுங்குவதனால் பழக்கம் குறைகிறது. பழக்கம் குறைவதனால் மேலும் ஒதுங்குகிறது. உடலியக்கத்தை விரும்புவோரும் வெறுப்போரும் உருவாகும் பிரிவழி இங்கேயே தொடங்குகிறது எனலாம்.

பிள்ளைத்தமிழ் காட்டும் படிநிலை

குழந்தையின் இயக்கத்தைக் கூர்ந்து நோக்கிய மரபு தமிழுக்குப் புதிதன்று. பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூற்றுப் பாடல் (188) குழந்தையின் அழகை அதன் நிறத்தாலோ அணியாலோ சொல்லவில்லை. சிற்றடியிட்டு நடப்பது, கையை நீட்டுவது, உணவைத் தொடுவது, வாயால் கவ்வுவது, துழாவுவது, மேனியெங்கும் பூசிக்கொள்வது எனக் கைகால்களின் வினைகளை அடுக்கியே சொல்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில், நெல் உலரும் முற்றத்தில் கோழியை விரட்ட மகளிர் எறிந்த காதணி, சிறுவர் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரை இடறுகிறது. அப்புலவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் செய்த சிறுதேரை உருட்டித் தளர்ந்த குழந்தை பாலுண்டு படுக்கையில் உறங்குகிறது. நன்றாக இயங்கிய குழந்தை நன்றாக உறங்கும் என்னும் உண்மை அங்கு இயல்பாகவே பதிவாகியுள்ளது.

பெரியாழ்வார் திருமொழியில் இந்நோக்கு மேலும் நுட்பமடைகிறது. செங்கீரை, சப்பாணி ஆகியவற்றோடு தளர்நடைக்கும், ஓடிவந்து தழுவும் அச்சோவுக்கும், பின்புறமாக வந்து கட்டிக்கொள்ளும் புறம்புல்கலுக்கும் தனித்தனிப் பதிகங்கள் உள்ளன. முன்னோக்கி ஓடித் தாயின் முன் நிற்பதும், சுற்றிவந்து பின்னிருந்து அணைப்பதும் இருவேறு திறன்கள். முன்னதற்கு வேகத்தைக் கட்டுப்படுத்தி நிற்கத் தெரியவேண்டும். பின்னதற்குத் திசைமாறி வளைந்து வரத் தெரியவேண்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழோடு தனி இலக்கிய வகையாக நிலைபெற்ற பிள்ளைத்தமிழ், பத்துப் பருவங்களை உடையது. அவற்றை 3ஆம் மாதம் தொடங்கி 21ஆம் மாதம் வரையுள்ள ஒற்றைப்படை மாதங்களில் வைத்துக் கூறுவது பாட்டியல் மரபு. நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகளும் உண்டு. இவ்வரிசையை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட இயக்கப் படிநிலைகளோடு ஒப்பிடுவது பயனுடையது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்துப் பெறப்பட்டவை அவை. துணையின்றி அமர்தல் 3.8 முதல் 9.2 மாதங்களுக்குள்ளும், துணையின்றி நடத்தல் 8.2 முதல் 17.6 மாதங்களுக்குள்ளும் அமைகின்றன. அமர்ந்து கைகொட்டும் சப்பாணிப் பருவம் பாட்டியலில் 9ஆம் மாதம். நடந்துவர அழைக்கும் வருகைப் பருவம் 13ஆம் மாதம். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இருகைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை 5ஆம் மாதம். ஓராண்டு நிரம்பாத, இன்னும் தவழத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும் வேளையில் நாளொன்றுக்கு 30 நிமிடமேனும் பல தவணைகளாகக் குப்புறக் கிடத்திப் பழக்கவேண்டும் என்று அந்நிறுவனம் 2019இல் கூறியிருப்பது செங்கீரையின் தொடக்கப் பாடமேயாகும்.

இவ்வொற்றுமையை அளவுக்கு மீறி நீட்டுதல் தவறு. பாட்டியலார் மாதங்களை அளந்து எழுதவில்லை. மங்கலமான ஒற்றைப்படை எண்களில் பொருத்தி வைத்தனர். எனினும் வரிசை உண்மையானது. அவ்வரிசையைக் காட்டிலும் சிந்திக்கத்தக்கது, ஒவ்வொரு பருவமும் அழைப்பாகவே அமைந்திருப்பதாகும். ஆடுக, கொட்டுக, வருக, உருட்டுக என்று எதிரே நின்று ஒருவர் கூப்பிடுகிறார். குழந்தையின் இயக்கம் மற்றொருவரின் முகத்தை நோக்கியே நிகழ்கிறது.

பருவங்களின் இறுதிப் பகுதியில் பால்வேறுபாடு புகுகிறது. ஆண்பாலுக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். இற்றைக்கால ஆய்வுகள் பலவற்றில் பந்தைக் கையாளும் திறனில் ஆண்பிள்ளைகள் முந்துகின்றனர். பிள்ளைத்தமிழிலோ எறிந்து பிடிக்கும் ஆட்டமாகிய அம்மானை பெண்பிள்ளைக்கு உரியதாக உள்ளது. ஆகவே அவ்வேறுபாடு இயற்கையன்று, பழக்கத்தின் விளைவு என்று கருத இடமுண்டு. உருட்டலும் முழக்கலும் ஒரு பட்டியலில். எறிதலும் பிடித்தலும் ஊசலில் உடலை நிலைநிறுத்தலும் மற்றொன்றில். இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு முழுப் பாடத்திட்டம் கிடைக்கும்.

மூன்று வயதுக்குப் பின்

பிள்ளைத்தமிழின் கால எல்லை ஏறக்குறைய இரண்டு வயதோடு முடிகிறது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கென இத்தகைய பருவ இலக்கியம் இல்லை. தேரூரில் 1876இல் பிறந்து, ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்கள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பின. அவருடைய பசுவும் கன்றும் பாட்டில் கன்று துள்ளிக் குதிக்கிறது. அதனைச் சொல்லும் குழந்தையும் உடன் குதிக்கும். ஆயின் அவ்வயதினரின் உண்மையான பள்ளிக்கூடம் வீட்டுக்கு வெளியே இருந்தது.

நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகத்தீஸ்வரம் பகுதிகளின் பழைய வீட்டமைப்பைக் கருதினால் இது விளங்கும். படிப்புரை, முற்றம், தார்சா, புறவாசல் என உயர்ந்தும் தாழ்ந்தும் செல்லும் தளங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே படி. தவழும் குழந்தைக்கு ஏறுதலும், நடக்கும் குழந்தைக்கு இறங்குதலும் அங்கு அன்றாடப் பயிற்சி. வீட்டைத் தாண்டினால் அறுவடை முடிந்த களம், குளக்கரை, தென்னந்தோப்பு. விளையாட்டுப் பொருள்களையும் அந்த மண்ணே தந்தது.

நுங்குக் காலத்தில் உண்டு கழித்த இரண்டு கூடுகளைக் குச்சியால் இணைத்து, கவைக்கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. அரிவாள் பிடிக்கத் தெரிந்த மூத்த பையன் அதைச் செய்வான், தள்ளுவது சிறியவன். ஓடிக்கொண்டே இருகைகளாலும் திசை திருப்பவேண்டும். வேகம் மிகுந்தால் வண்டி கவிழும். உதிர்ந்த கமுகம்பாளையில் ஒருவர் அமர, மற்றவர் மட்டையைப் பிடித்து இழுப்பர். அமர்ந்திருப்பவர்க்கு அது முதுகையும் இடுப்பையும் நிலைநிறுத்தும் பயிற்சி, இழுப்பவர்க்குத் தோள்வலிமை. ஓலையில் முடைந்த பந்து கனமற்றது, மெல்லப் பறப்பது, பட்டாலும் வலிக்காதது. நான்கு வயதுக் குழந்தை பிடித்துப் பழகுவதற்கு ரப்பர் பந்தைவிட அது ஏற்றது. துள்ளி விலகாது விழுந்த இடத்திலேயே கிடப்பதால், தவறவிட்ட குழந்தை மீண்டும் எடுத்து எறியத் தயங்குவதில்லை. ஓணக்காலத்தில் மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் மரக்கிளைகளில் ஊஞ்சல் கட்டப்படும்.

இவற்றை வரிசைப்படுத்திப் பாராட்டி, பழமை போயிற்றே என வருந்தி முடிப்பது நாட்டார் விளையாட்டுக் கட்டுரைகளின் பொதுப்போக்கு. ஆட்டங்களின் பட்டியலைப் பாதுகாப்பதால் மட்டும் குழந்தை ஓடிவிடாது. அவ்வாட்டங்களுக்குள் சிறுகுழந்தை எவ்வாறு நுழைந்தது என்பதே ஆராயத்தக்கது.

ஒப்புக்குச் சப்பாணி

கண்ணாமூச்சியோ பாண்டியோ கல்லா மண்ணாவோ எதுவாயினும், ஏழெட்டு வயதினர் ஆடும் இடத்திற்கு அவர்களின் தம்பியோ தங்கையோ உடன் வந்து நிற்கும். வீட்டில் விட்டுவிட்டு வர இயலாது. முழு ஆட்டக்காரராகச் சேர்க்கவும் இயலாது. இதற்குத் தமிழ்த் தெரு கண்ட தீர்வே ஒப்புக்குச் சப்பாணி. அக்குழந்தையும் ஓடும், ஒளியும், தொடும். தொட்டாலும் தொடப்பட்டாலும் கணக்கில் வராது. ஆட்டமிழப்பு அதற்கில்லை. பொதுவழக்கில் இத்தொடர் பொருட்படுத்தத் தகாதவரைக் குறிக்கும் ஏளனமாகிவிட்டது. இங்குள்ள சப்பாணி நடக்கவியலாதவரைக் குறிப்பது. பிள்ளைத்தமிழின் சப்பாணி கைகொட்டுவது. இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்ததாகக் காட்ட வேண்டியதில்லை.

கற்றல் நோக்கில் இவ்விடத்தின் சிறப்பு மூன்று கூறுகளால் அமைகிறது. தன்னைவிடச் சற்றே தேர்ந்தவரின் இயக்கத்தைக் குழந்தை அருகிலிருந்து காண்கிறது. வளர்ந்தவர் செய்து காட்டுவதைவிட ஏழு வயதினர் தாவுவது அதற்கு எட்டக்கூடியதாகத் தோன்றுகிறது. அடுத்து, தோல்விக்குத் தண்டனை இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தடையின்றி விளையாடும் வேளையில் மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் வைத்து 17 முறை விழுந்தனர். விழுவதைக் கணக்கில் வைத்திருந்தால் எக்குழந்தையும் நடை பழகியிராது. நொண்டியடிக்கவும் பந்து பிடிக்கவும் கற்பதற்கும் அதே சலுகை தேவைப்படுகிறது. தெரு அதனைச் சட்டமாகவே வழங்கியது. இறுதியாக, அது நிலையான இடமன்று. ஒருநாள் மூத்தவர்கள் தாமாகவே அக்குழந்தையைக் கணக்கில் சேர்ப்பர். அந்நாளைக் குழந்தை தானே அறியும்.

இடமும் மழையும் வீடும்

இவ்வேற்பாட்டுக்கு வேண்டியவை பல வயதுப் பிள்ளைகளும் திறந்த வெளியும். இரண்டும் குறைந்துள்ளன. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.8. பல வீடுகளில் குழந்தை தனியாகவோ ஒரே உடன்பிறப்போடோ வளர்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தின் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 1,111. நகர்ப்புறமாக வகைப்படுத்தப்பட்ட மக்கள் 82 விழுக்காட்டுக்கு மேல். வயலும் தோப்பும் கண்ணுக்குத் தெரியும் ஊர்களே பேரூராட்சிகளாக உள்ளமையால் இவ்வெண் சென்னையைப் போன்ற நகரைச் சுட்டாது. ஆயினும் வீட்டின் முற்றம் சுற்றுச்சுவருக்குள் சுருங்கி, தெரு வாகனங்களுக்குரியதாகியிருப்பதை அது உணர்த்துகிறது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டையும் பெறும் மாவட்டமாதலால், ஆண்டில் பல வாரங்கள் வெளி விளையாட்டு தடைபடுகிறது. மழைநாளில் கையில் வருவது கைப்பேசி.

மூன்று, நான்கு வயதினர் நாளொன்றுக்கு 180 நிமிடமேனும் இயங்கவேண்டும், அதில் 60 நிமிடமேனும் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாடவேண்டும், திரைமுன் அமரும் நேரம் ஒரு மணியைத் தாண்டலாகாது, ஒரே இருப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டுப்படுத்தலாகாது என்பன உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்கள். 180 நிமிடம் என்பது உடற்பயிற்சி வகுப்பன்று. நாள் முழுவதும் சிதறிக் கிடக்கும் நடையும் ஏற்றமும் ஆட்டமும் சேர்ந்த கூட்டுத்தொகை.

நடைவண்டியைப் பற்றி இங்கொரு குறிப்பு தேவை. மூன்று சக்கர மரவண்டியைக் குழந்தை நின்று தள்ளுகிறது; தன் எடையைத் தானே தாங்குகிறது. கடைகளில் விற்கும் சக்கர இருக்கையிலோ குழந்தை அமர்ந்து, கால்விரலால் உந்திச் செல்கிறது. நடைப்பயிற்சிக்கு அது உதவுவதில்லை என்பதோடு, படிகளில் உருண்டு விழும் பேரிடரும் உண்டு. கனடா 2004இல் அதன் விற்பனையைத் தடைசெய்தது. படிகள் மிகுந்த நாஞ்சில் நாட்டு வீடுகளில் அதனைத் தவிர்ப்பதே நன்று.

அங்கன்வாடி என்னும் புதிய முற்றம்

1975 அக்டோபர் 2இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. அங்குப் பின்பற்றப்படும் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்பதாகும். 2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கையும், 2024இல் வெளியான ‘ஆதார்ஷிலா’ பாடத்திட்டமும் விளையாட்டுவழிக் கல்வியையே வற்புறுத்துகின்றன. ஏட்டளவில் குறையில்லை. சமைத்தலும், எடை பார்த்தலும், பதிவேடுகளை நிரப்பலும் ஒருவர் இருவர் தலையில் விழும் மையத்தில், குழந்தைகள் ஓரிடத்தில் அமர்ந்திருப்பதே பணியாளருக்கு எளிது. பெற்றோர் கேட்பதும் எழுத்தையே. அடுத்த தெரு மழலையர் பள்ளியில் சேர்ந்த பிள்ளை ஆங்கில எழுத்துகளைச் சொல்கிறதே என்னும் கேள்விக்கு, ‘உங்கள் பிள்ளை இன்று ஒற்றைக்காலில் ஐந்து நொடி நின்றது’ என்பது போதுமான விடையாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தோள் உறுதிப்பட்டால்தான் மணிக்கட்டு நிலைக்கும். மணிக்கட்டு நிலைத்தால்தான் விரல் எழுதும். பனங்கூட்டைத் தள்ளிய கை எழுதுகோலுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த கையே என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்வதே முதல் வேலையாகும்.

சிற்றறையிலும் செய்யத்தக்கவை உள. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, 1946 வரை இந்தியாவில் தங்கிப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியின் முறையில், தரையில் வரைந்த வளைகோட்டின்மேல் அடிமேல் அடி வைத்து நடப்பது ஓர் அடிப்படைப் பயிற்சி. கோலம் போடத் தெரிந்த பணியாளர்க்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. நேர்கோட்டில் தொடங்கி, வளைவுக்கும் சிக்குக்கோலத்துக்கும் செல்லலாம். நீர் நிறைந்த தம்ளரைக் கையில் ஏந்தி நடக்கச் செய்தால் அதே கோடு கடினமாகும். புள்ளிகளைத் தள்ளி வைத்தால் தாவுதல். மழைநாளுக்கு இவை போதும். ஒரே வேலையை எளிதாகவும் கடினமாகவும் மாற்றியமைப்பதே ஆசிரியரின் திறன். நான்கு வயதில் ஒரு குழந்தை நொண்டியடிக்கும், மற்றொன்று கையைப் பிடித்துக்கொண்டுதான் தூக்கும். இருவரும் வரிசையில் காத்து நிற்கும் நேரமே மிகுதியானால் அது விளையாட்டன்று.

வயதுக் கலப்புக்கும் வழியுண்டு. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஒரே வளாகத்தில் மூன்று வயதும் பத்து வயதும் இருந்தும், மணியும் சுவரும் அவர்களைப் பிரித்து வைக்கின்றன. வாரத்தில் இருநாள் அரைமணி நேரம் நான்காம், ஐந்தாம் வகுப்பினர் சிறியவர்களைத் தம் ஆட்டத்தில் ஒப்புக்குச் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தால், அதற்குப் புதுப் பொருளோ நிதியோ வேண்டியதில்லை. பெரியவர்களின் வேகத்தால் சிறியவர் அடிபடுவர் என்ற அச்சம் நியாயமானதே. ஓலைப்பந்து, மணல்தரை, சிறு குழு, அருகில் ஓர் ஆசிரியர் என்னும் நான்கும் அதற்குத் தேவை. தனி வளாகத்தில் இயங்கும் மையங்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் மூன்று வயதினரையும் ஐந்து வயதினரையும் பிரிக்காமல் ஆடவிடுவதே கூடியது. ஆண், பெண் என்று வரிசை பிரிக்காமையும் அவ்வாறே.

ஆடுகளத்தில் தெரிபவை

அமர்ந்திருக்கும் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் ஒன்றுபோலத் தோன்றுவர். எடைக்கும் உயரத்துக்கும் கருவிகள் உள்ளன. இயக்கத்துக்குப் பார்க்கும் கண்தான் கருவி. தரையிலிருந்து எழும்போது இருகைகளையும் முழங்காலிலும் தொடையிலும் மாறி மாறி ஊன்றித் தன் உடல்மேல் தானே ஏறுவதுபோல் நிமிரும் சிறுவன், தசைச்சிதைவு நோயின் தொடக்கத்தில் இருக்கக்கூடும். பெரும்பாலும் ஆண்குழந்தைகளைத் தாக்கும் அந்நோயின் அறிகுறி தெளிவாகத் தொடங்குவது இந்த வயதிலேயே. ஓயாமல் கால்விரல் நுனியில் நடத்தல், ஒரு கையை மட்டுமே பயன்படுத்தி மற்றதை மடக்கியே வைத்திருத்தல், படியேறுகையில் ஒரே காலையே முன்வைத்தல், எதிரே வரும் பந்து மிக அருகில் வரும்வரை காணாதிருத்தல் ஆகியனவும் கவனிக்கத்தக்கவை. இவை நோய் என்று பணியாளர் முடிவு கட்டுதல் கூடாது. ‘சோம்பேறிப் பிள்ளை’ என்று ஒதுக்குதலும் கூடாது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருகின்றன. அவர்கள் பார்க்கும் சில நிமிடங்களில் குழந்தை அமர்ந்தே இருந்தால் இவற்றுள் பல தப்பிவிடும். நாள்தோறும் அக்குழந்தையை ஓடவிட்டுப் பார்த்த பணியாளர் சொல்லும் ஒரு வாக்கியமே, அதனை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்குக் கொண்டு சேர்க்கும். நடக்கச் சிரமப்படும் குழந்தையைப் பரிசோதனைக்கு அனுப்பிய பின்னரும், அது களத்தை விட்டு விலக்கப்படலாகாது. தொட்டால் கணக்கில்லை, விழுந்தால் ஆட்டமிழப்பில்லை என்னும் இடம் முதலில் ஏற்பட்டதே அத்தகைய ஆட்டக்காரருக்காகத்தான்.